வெறுங்குப்பி

மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குச் 'சுத்தம் சார்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு சரி. வெளியே நடந்த செருப்பு கூடத்துக்குள் ஓர் அடி வைக்கக் கூடாது. எதையாவது கொறித்த விரலோடு யாராவது கதவுப் பிடியைத் தொட்டுவிட்டால், அன்று முழுவதும் முழங்கையால்தான் கதவைத் திறப்பார். கைகுலுக்க ஒருவர் கையை நீட்டினால் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். "சார் பொண்டாட்டி கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கையுறை கேட்டவரு" என்று பக்கத்தில் உட்காரும் மெஷின்காரர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார். இந்த வதந்தி மனைவியின் காதுக்கும் எட்டியது. அந்த அம்மாள் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

வேலை அப்படி. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பால் குடிக்கக்கூடத் தெம்பு இருக்காது. நரம்பு வழியாகக் கொழுப்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஏற்றியதை உடம்பு செலவழிக்கிறதா, ரத்தத்திலேயே தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் உயிரிடம் எவ்வளவு ரத்தம்தான் எடுப்பது? குதிகாலில் குத்திக் கொஞ்சமே கொஞ்சம் எடுப்பார்கள். அதில் சிவப்பைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது பிளாஸ்மா என்கிற வெளிறிய மஞ்சள் நீர், அழுகிற கண்ணில் நிற்கிற அளவு. அதற்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்களைப் பிடித்து அளந்து சொல்வதுதான் சுத்தம் சாரின் வேலை.

பிடிக்கிற கருவி ஓர் ஊசி. அதற்குள் தலைமுடி போல ஓர் இழை. பிளாஸ்மாவைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, மருந்து சேர்த்து, மூடியை இறுக்கிச் சூடு காட்டினால் கொழுப்பு அமிலம் ஆவியாக மேலே எழும். மூடியின் நடுவில் இருக்கும் ரப்பரைக் குத்தி ஊசியை இறக்கி, இழையை வெளியே நீட்டிக் காத்திருந்தால் ஆவி அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊசியை மெஷினில் செருக வேண்டும். மெஷின் இழையைச் சுட்டு, ஒட்டியதையெல்லாம் பிரித்து, திரையில் கோடாக வரைந்துகொண்டே போகும். சரக்கு இருக்கிற இடத்தில் கோடு மேலே எழும்பும். அந்த மேட்டுக்குப் 'பீக்' என்று பேர். பீக் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கொழுப்பு.

சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் இருக்கிற அதே பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் சோப்பிலும் இருக்கின்றன, மெழுகுவத்தியிலும் இருக்கின்றன, முகப்பூச்சிலும் இருக்கின்றன. மனுஷன் விரல்நுனியில் பிறவியிலேயே இருக்கின்றன. இழைக்குப் பாகுபாடு தெரியாது, எது கிடைத்தாலும் வாரிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் முதலில் ரத்தமே இல்லாத ஒரு குப்பியை ஓட்டுவார்கள். அதற்கு வெறுங்குப்பி என்று பேர். வெறுங்குப்பியில் கோடு படுத்தே கிடந்தால் அன்றைய வேலை தொடங்கும். எழும்பினால் எங்கோ அழுக்கு என்று அர்த்தம், அன்றைக்கு வேலை நின்றுவிடும். காத்திருந்த பிளாஸ்மா கெட்டுப்போகும், குழந்தைகளின் குதிகாலில் மறுபடி குத்த வேண்டிவரும்.

சுத்தம் சாரின் வெறுங்குப்பி வருஷக்கணக்காகப் படுத்தே கிடந்தது. வேறு ஊர்களின் கூடங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் தனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தார். மூடியை இறுக்கியதும், கையுறை போட்ட ஆள்காட்டி விரலால் நடு ரப்பரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். ரப்பர் நெகிழாமல் நின்றால்தான் அவருக்குத் திருப்தி. வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. 'என் விரல் சொன்னா மெஷின் சொன்ன மாதிரி' என்பார். அந்தப் பெருமையில் பாதி, குப்பிகளைக் கழுவித் தரும் பெண்மணிக்குச் சேர வேண்டியது. குப்பியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அவர் கொதிநீரிலும் அமிலத் தொட்டியிலும் கை வைத்துக் கை வைத்து, தோல் வெடித்து, வயசுக்கு மீறிய கைகளோடு இருந்தார். சுத்தம் சாரைவிட இளையவர்தான். ஆனாலும் சுத்தம் சாரும் "என்னக்கா, குப்பி ரெடியா?" என்றுதான் கேட்பார். மரியாதை கொடுப்பதில் தான் கஞ்சன் இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு செருப்புக்கடை குறுக்கிட்டது.

சுத்தம் சாருக்கு முன்மண்டையில் முடி இல்லை. நடுமண்டையில் இருந்ததும் விடைபெற்றுக்கொண்டிருந்தது. மனைவிக்குச் செருப்பு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்பா இப்படி உட்காரட்டும்மா, நீங்க நிதானமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். மனைவி வீடு வந்து சேரும்வரை சிரித்தார். சமைக்கும்போது ஒருதரம் நினைத்துச் சிரித்தார். படுத்த பிறகு, போர்வைக்குள்ளிருந்து ஒரு குலுங்கல் கேட்டது. சுத்தம் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அந்த வாரமே, வீட்டுக்குத் தூரத்தில் இருக்கும் ஒரு மருந்துக்கடையில், யாருக்கோ வாங்குவதுபோல் மூக்கைச் சொறிந்துகொண்டு, முடி வளர்க்கும் களிம்பு ஒன்றை வாங்கிவந்தார். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். தினம் காலையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தலையில் தேய்ப்பார். தேய்த்த கையை முழங்கை வரைக்கும் அலசுவார். கை சுத்தமாகத்தானே இருக்கிறது, தலை எங்கே, குப்பி எங்கே என்று நினைத்துக்கொண்டார்.

மெஷின்காரர்தான் முதலில் பார்த்தார். "சார், இங்க வாங்க. வெறுங்குப்பி வெறுங்குப்பியா இல்ல."

திரையில் பால்மிட்டிக் இருக்கும் இடத்தில் ஒரு மேடு. பக்கத்தில் ஸ்டியரிக். முன்னால் துக்குணியாக இன்னொன்று. சுத்தம் சார் உடனே வேலையில் இறங்கினார். மருந்தை மாற்றினார், இழையை மாற்றினார், கையுறைப் பெட்டியை மாற்றினார். ஒரு நாள் அடங்கும், மறுநாள் எழும். குழந்தைகள் வார்டிலிருந்து நர்ஸ்கள் போன் செய்து, "திரும்பவும் குத்தணுமா சார்?" என்று கேட்டார்கள். கூடத்தின் தலைவியான டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உங்க கூடத்துலயா இப்படி?" என்றார். அந்த 'உங்க' சுத்தம் சாரின் நெஞ்சில் தைத்தது. அன்றே கண்டுபிடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்குக் கொடுத்தவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

எல்லோருடைய பையையும் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் திறந்து காட்டினார்கள். குப்பியக்காவின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு களிம்புக் குழாய் இருந்தது. சுத்தம் சார் அதை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குவதுபோலத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"ஏம்மா, இது என்ன?"

அதுவரை அக்காவாக இருந்தவர் அந்த நொடியில் அம்மாவாகிவிட்டார். அந்த மாற்றம் அங்கே இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

"கை வெடிப்புக்கு சார். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது. இங்க போடறதே இல்ல சார். ராத்திரி வீட்டுலதான்..."

"வீட்டுல போட்டா கையிலேயே இருக்காதா? அந்தக் கையாலதானே குப்பியைக் கழுவுறீங்க? எத்தனை குழந்தைங்களை மறுபடி குத்தினாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

குப்பியக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவற்றை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். மறுநாள் அவரை மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது தன் அலமாரியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

சுத்தம் சார் எல்லாக் குப்பிகளையும் தானே உட்கார்ந்து மறுபடி கழுவினார். அடுத்த நாள் மற்றவர்கள் வருமுன் வந்து வெறுங்குப்பியை ஓட்டினார். வெற்றியைத் தனியாகப் பார்க்க ஆசை. கோடு படுத்தபடி வந்தது, வந்தது, பால்மிட்டிக் இடத்தில் எழுந்து நின்றது. போன வாரத்தைவிட உயரம்.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பக்கத்து மெஷினின் திரை அணைந்து கருப்பாக இருந்தது. அதில் ஒரு ஆள் தெரிந்தார். கையுறை போட்ட கையால் அந்த ஆள் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார், முன்னும் பின்னுமாக, மெதுவாக, ஒரு பூனையைத் தடவுவதுபோல.

சுத்தம் சார் கையை எடுத்தார். ஆள்காட்டி விரலைப் பார்த்தார். கையுறை நுனியில் ஒரு மினுமினுப்பு.

யோசிக்கும்போது தலையைத் தடவுவது அவருடைய வழக்கம். எந்நேரமும் யோசிக்கிற மனுஷர். தடவிய விரலாலேயே ரப்பரை அழுத்தியிருக்கிறார். அந்த ரப்பரைக் குத்திக்கொண்டு ஊசி உள்ளே போகும்போது, களிம்பையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது. குப்பியக்கா கழுவிய குப்பியில் ஒரு குறையும் இல்லை. ஊரெல்லாம் மெச்சிய விரல் அவருடையது, அழுக்கும் அதில்தான். அவருக்கு முகம் எரிந்தது. யாரும் இல்லாத அறையில், யாரோ பார்த்துவிட்டதுபோல எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய்த் தலையைக் கழுவினார். துடைத்தார். புதுக் கையுறை மாட்டினார். தலைக்குப் போகத் துடித்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். ரப்பரை அழுத்தாமல் இன்னொரு வெறுங்குப்பியை ஓட்டினார். கோடு சாதுவாகப் படுத்திருந்தது. மெஷின்காரர் வந்து காலை ஓட்டத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியபோது, "பழைய மிச்சம் இழையில ஒட்டியிருந்தது. நல்லாச் சுட்டேன், போயிடுச்சு" என்றார். பொய் தங்குதடையில்லாமல் வந்தது. அதுவே அவருக்கு ஆச்சரியம்.

களிம்பை நிறுத்தினார். பீக் போனது போனதுதான், அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதன் விளைவை அவர் யோசிக்கவில்லை.

"பாத்தீங்களா, அந்த அக்கா போனாங்க, சனியன் விட்டுது" என்றார் மெஷின்காரர்.

வாரக் கூட்டத்தில் டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் சுத்தம் சாரைப் பாராட்டினார். கைதட்டினார்கள். "பாவம்தான் அந்தம்மா. திரும்ப இங்கயே போடுங்கன்னு எழுதிக் கேட்டிருக்காங்க. ஆனா நிரூபணமே ஆயிடுச்சே, அவங்க இருந்தா வருது, இல்லாட்டி வரல. குழந்தைங்க விஷயத்துல இரக்கம் பார்க்க முடியுமா? சலவையிலயே நிரந்தரமாப் போட்டுடலாம். என்ன சார்?"

"ம்" என்றார் சுத்தம் சார்.

ஒரே எழுத்து. அது தொண்டையை விட்டு வெளியே வந்த பிறகு, அவர் தன்னையே அருவருத்தார். வாயை மூடிக்கொண்டு செய்த ஒவ்வொரு காரியமும் அந்தப் பெண்மணியின் மேல் இன்னொரு சாட்சியாகப் போய் விழுந்திருக்கிறது. களிம்பை நிறுத்தியதுகூட.

கூட்டம் முடிந்து நடைபாதையில் வரும்போது எதிரே அழுக்குத் துணி வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் குப்பியக்கா. சுத்தம் சாரைப் பார்த்ததும் வண்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கைகளை ஒரு போர்வைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"சார், இப்போ பீக் வர்றதில்லையாமே?"

"வர்றதில்ல."

"நல்லவேளை சார். அந்தக் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஏளனமாகக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஏளனம் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். சுத்தம் சார், "இல்ல, இல்ல" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நடையும் ஓட்டமுமாகத் தன் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக்கூடாது" என்று ஆரம்பித்தார்.

"கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற டியூப் விஷயமா?" என்றார் மனைவி. "தூசி தட்டும்போது தினம் பார்க்கிறேனே. ஏதோ ஆசைப்படறாரு, வளரட்டும்னு விட்டுட்டேன். வளரத்தான் காணோம்."

சிரிப்பு ஆரம்பமாகியிருந்தது. அவர் மீதியைச் சொன்னார். பை திறந்ததைச் சொன்னார், தூக்கிக் காட்டியதைச் சொன்னார், 'ம்' என்றதையும் சொன்னார். சொல்லச் சொல்ல மனைவியின் சிரிப்பு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா சலவைக்குப் போனேன்?"

அடுத்த வாரக் கூட்டத்துக்குச் சுத்தம் சார் சட்டைப் பையில் களிம்புக் குழாயோடு போனார். டாக்டரம்மா பேச்சை ஆரம்பிக்குமுன் எழுந்தார். தான் குப்பியக்காவின் குழாயைத் தூக்கிய அதே உயரத்துக்குத் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னோடது. முடி வளர்றதுக்கு. தலையில போட்டேன், தலையைத் தொட்டேன், அந்தக் கையால மூடியைத் தொட்டேன். பீக் வந்தது இதுலதான். அந்தம்மா மேல தப்பே இல்ல. எனக்கு அவங்க போன மறுநாளே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

அவர் முன்கூட்டியே ஓட்டிவைத்திருந்த வெறுங்குப்பியைத் திரையில் போட்டார். வேண்டுமென்றே களிம்புத் தலையைத் தடவி, ரப்பரை அழுத்தி ஓட்டியது. பால்மிட்டிக், ஸ்டியரிக், முன்னால் அந்தத் துக்குணி, மூன்றும் அதே வரிசையில் நின்றன.

பின்வரிசையில் யாரோ புக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அடக்கியதெல்லாம் உடைந்தது. மெஷின்காரர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டரம்மாவே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுத்தம் சார் இத்தனை நாளும் பயந்தது இதற்குத்தான். குனிந்த தலையோடு நின்றார். குனிந்ததால் வழுக்கை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"சரி சார், உட்காருங்க. மனுஷனுக்கு ஆசை இருக்காதா?" என்றார் டாக்டரம்மா, சிரிப்பு ஓய்ந்து. "பீக்தான் போயிடுச்சே. கழுவறதுக்கு வேற ஆளும் பழகிட்டாங்க. அந்தம்மா அங்கயே இருக்கட்டுமே, இப்போ எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

"இல்லம்மா."

அவர் டாக்டரம்மாவிடம் இல்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அவங்க பையைத் திறந்தது எல்லார் முன்னாடியும். அவங்க திரும்பி வர்றதும் எல்லாருக்கும் தெரிஞ்சு நடக்கணும். இல்லேன்னா என்னையும் சலவைக்கு அனுப்பிடுங்க."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு முழுசாக இறங்கியது. பேனாவை மூடினார். "நீங்களே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடியில் இருந்தது. ஒரே ஆவி. பெரிய பெரிய இயந்திரங்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. குப்பியக்கா ஒரு நீள மேசையில் வார்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கைகளை ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. சுத்தம் சார் பார்த்தார். விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் பிளந்திருந்தன. இரண்டு விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றியிருந்தார், அதிலும் ரத்தம் ஊறியிருந்தது. இங்கே வருமுன் இவ்வளவு மோசமில்லை.

"அக்கா" என்றார். குரல் இயந்திரச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இன்னும் கிட்டத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். தலைக் களிம்பை, விரலை, கருப்புத் திரையில் தன்னைப் பார்த்ததை, பொய்யை, 'ம்'மை. "தப்பு முழுக்க என்னோடது. உங்க குப்பியில ஒரு தூசிகூட இல்ல. என்னை மன்னிச்சிடுங்கக்கா. இன்னைக்கே வாங்க."

குப்பியக்கா வழுக்கையைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். குழந்தைகள் வார்டுத் துணி, கைக்குட்டை அளவுதான் இருந்தது.

"நான்தான்னு நெனச்சேன் சார்" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும். வீட்டுல போட்டாலும் கையிலேயே இருக்கும்னு சொன்னீங்க. நம்மளால எத்தனை குழந்தைங்களுக்கு வலிச்சிருக்கும்னு தூக்கமே வரல. இந்த வார்டுத் துணியை வேற தொடறோமேன்னு பயம். அன்னைக்கே அந்தக் களிம்பைத் தூக்கிப் போட்டுட்டேன். அதை விட்டாச்சே, இனி வரலாம்னுதான் எழுதிக் கேட்டேன்."

குப்பியக்கா துணிக் கிழிசலை விரலில் இறுக்கிக்கொண்டே, அனுமதி கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்போ இனிமே ராத்திரி வீட்டுல களிம்பு போட்டுக்கலாமா சார்?"